கோட்டைக்குக் கீழே கிடந்தவர்கள்: 'ஹாட் ஃபஸ்' படமும் அதன் டிவிடியும்

போலீஸ் படம் பார்த்துச் சிரிக்கிற வழக்கம் எங்கள் குழுவுக்குக் கிடையாது. காவல் நிலையம் என்றால் எங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வாசலில் காத்துக் கிடந்த நேரம்தான். மனுவோடு போனால் "எஸ்ஐ வெளியே போயிருக்காரு, இருங்க" என்பார்கள். இருப்பதற்கு நாற்காலி இருக்காது. அப்படிப்பட்ட நாங்கள் இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டாளிகளாகச் சேர்ந்து கூத்தடிக்கும் ஒரு நகைச்சுவைப் படத்தை மூன்று முறை பார்த்தோம் என்றால் நண்பர்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். மூன்று முறையும் வயிறு வலிக்கச் சிரித்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சிரித்து முடித்த பிறகு எங்களுக்குள் நடந்த சண்டையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

படத்தின் பெயர் 'ஹாட் ஃபஸ்'. 2007 பிப்ரவரியில் பிரிட்டனில் வெளியானது. இயக்கியவர் எட்கர் ரைட். அவரும் கதாநாயகன் சைமன் பெக்கும் சேர்ந்து எழுதிய கதை. அதே ஆண்டிலேயே டிவிடியும் வந்துவிட்டது. பிறகு மூன்று தட்டுகள் கொண்ட ஒரு பெரிய பதிப்பும் வந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பிய தோழர் ஒருவர் அந்தப் பெட்டியை எங்கள் அலுவலக அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்பேத்கர் நூல் தொகுதிகளுக்கும் பழைய கள ஆய்வு அறிக்கைகளுக்கும் நடுவில் அது பல மாதம் தூங்கிக்கொண்டிருந்தது.

அதை எடுத்துப் பார்த்தது ஒரு கள ஆய்விலிருந்து திரும்பிய இரவில். ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குடும்பம் இன்னும் அங்கேதான் வாழ்கிறது. காலனியைச் சேர்ந்த ஒரு தம்பி ஏரிக்கரைச் சாலையில் இறந்து கிடந்தான். 'வாகன விபத்து' என்று பதிவு செய்திருந்தார்கள். வண்டியில் பெரிய சேதம் இல்லை. சில நாள் முன்பு கோயில் திருவிழாவில் ஊர்த்தெருப் பையன்களோடு அவனுக்குத் தகராறு நடந்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டபோது காவல் அதிகாரி சொன்னது இதுதான்: "விபத்துங்க. ஊர் அமைதியா இருக்கு. நீங்க வந்து கிளறாதீங்க." ஊரின் நுழைவாயிலில் சிறந்த ஊராட்சி என்று விருது வாங்கிய பலகை நின்றிருந்தது. உண்மையிலேயே ஊர்த்தெரு அவ்வளவு சுத்தமாகத்தான் இருந்தது.

அன்றிரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை. அறிக்கை எழுதவும் மனம் வரவில்லை. "ஏதாவது சிரிக்கிற படம் போடுங்க தம்பி" என்றார் எங்கள் குழுவின் மூத்த களப்பணியாளர் அக்கா. கைக்கு அகப்பட்டது இந்தப் பெட்டி.

கதை இது. லண்டன் மாநகரப் போலீசில் நிக்கோலஸ் ஏஞ்சல் என்ற அதிகாரி. அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்கிறார். மற்றவர்களைவிட 400 சதவீதம் அதிகமாகக் கைது செய்கிறார். இதனால் தங்கள் பெயர் கெடுகிறது என்று மேலதிகாரிகள் பதவி உயர்வு கொடுத்து சான்ட்ஃபோர்ட் என்ற கிராமத்துக்கு அவரைத் தள்ளிவிடுகிறார்கள். குளோஸ்டர்ஷயரில் இருப்பதாகக் காட்டப்படும் கற்பனைக் கிராமம் அது. அங்கே அவருக்கு வாய்க்கும் கூட்டாளி டேனி பட்டர்மேன். நிக் ஃப்ராஸ்ட் நடித்த பாத்திரம். காவல் நிலைய இன்ஸ்பெக்டரின் மகன். போலீஸ் வேலையைப் பற்றி டேனிக்குத் தெரிந்ததெல்லாம் டிவிடியில் பார்த்ததுதான். அவன் வீட்டில் அலமாரி நிறைய டிவிடி. 'பாயின்ட் பிரேக்' படத்தையும் 'பேட் பாய்ஸ் 2' படத்தையும் ஏஞ்சலுக்குப் போட்டுக் காட்டுகிறான். இருவரும் நண்பர்களாவது அந்த இரவில்தான்.

சான்ட்ஃபோர்டில் குற்றமே கிடையாது என்கிறார்கள். ஆண்டின் சிறந்த கிராமம் என்ற பட்டத்தை மீண்டும் மீண்டும் வாங்கும் ஊர். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட போட்டிகள் நிஜமாகவே உண்டு. 'பிரிட்டன் இன் ப்ளூம்' என்ற பூச்செடிப் போட்டி 1960களிலிருந்து நடந்துவருகிறது. சான்ட்ஃபோர்டில் குற்றம் கிடையாதே தவிர, சாவுகள் வரிசையாக விழுகின்றன. காரில் போன இருவர் தலை துண்டாகிச் சாகிறார்கள். ஒரு பணக்காரரின் வீடு வெடிக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் தலையில் தேவாலயத்துக் கோபுரக் கல் விழுகிறது. எல்லாவற்றுக்கும் காவல் நிலையம் வைத்திருக்கும் பெயர் ஒன்றே ஒன்று: விபத்து.

ஏஞ்சல் அந்தச் சொல்லை ஏற்க மறுக்கிறார். சாலையில் நடப்பதை 'மோதல்' என்றுதான் எழுத வேண்டும், 'விபத்து' என்று எழுதினால் யார்மீதும் தவறில்லை என்று முன்கூட்டியே சொன்னதாகிவிடும் என்பது அவர் வாதம். படத்தில் இது ஒரு நகைச்சுவை. விதிப் புத்தகத்தை விழுங்கிய ஆளைக் கேலி செய்வதற்காக வைத்தது. எங்கள் அறையில் அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு தோழர் எழுந்து படத்தை நிறுத்தினார். மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டோம். அன்று பகல் முழுவதும் நாங்கள் காவல் நிலையத்தில் சொல்ல முயன்று சொல்ல வராமல் தவித்த விஷயத்தை ஒரு காமெடிப் படம் ஒரே வரியில் சொல்லிவிட்டது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். 2015 ஜூனில் நாமக்கல் மாவட்டத்தில் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது அந்தப் பொறியியல் பட்டதாரியின் உடல். தற்கொலை என்று நம்பவைக்க எல்லா ஏற்பாடும் செய்திருந்தார்கள். திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்பு கேமராப் பதிவு, அவருடைய தாயாரின் விடாப்பிடி, வழக்கறிஞர்களின் உழைப்பு எல்லாம் சேர்ந்து அது சாதி ஆணவக் கொலை என்று 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்தில் நிரூபணமாயிற்று. முதல் நாள் காகிதத்தில் விழும் சொல்லை மாற்ற ஒரு தாய்க்கு ஏழு ஆண்டுகள் ஆனது.

சான்ட்ஃபோர்டில் கேமரா வேறு வேலை செய்கிறது. ஊரைக் காக்கிறோம் என்று 'அக்கம்பக்கக் கண்காணிப்புக் கூட்டணி' என்ற சங்கம் அங்கே இருக்கிறது. மருத்துவர், கடைக்காரர், பாதிரியார், மதுக்கடை நடத்தும் தம்பதி, ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். சங்கத்து ஆள் ஒருவர் கேமராத் திரைகளின் முன் உட்கார்ந்து, தெருவில் சிலைபோல அசையாமல் நின்று காசு கேட்கும் கலைஞன் எங்கே நிற்கிறான், தலையை மூடிய சட்டை போட்ட பையன்கள் எங்கே சுற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலில் பார்க்கும்போது இதுவும் வேடிக்கைதான். யார் காணாமல் போனார்கள் என்பது பிறகுதான் தெரிகிறது.

எங்களில் சமூகவியல் படித்தவர்களுக்குப் படம் ஒரு குட்டும் வைத்தது. சாவுகளுக்கெல்லாம் காரணம் நிலம்தான் என்று ஏஞ்சல் கண்டுபிடிக்கிறார். புதிய சாலை, சொத்து மதிப்பு, சூப்பர்மார்க்கெட் முதலாளியின் லாபம் என்று ஓர் அழகான சங்கிலியைக் கோத்துக் காட்டுகிறார். அத்தனையும் தப்பு. நிஜக் காரணங்கள் அற்பமானவை. நாடகத்தில் மோசமாக நடித்ததற்காக ஒருவரைக் கொன்றார்கள். ஊருக்குப் பொருந்தாத வீடு கட்டியதற்காக ஒருவரை. பத்திரிகையில் எழுத்துப் பிழை விட்டதற்காக ஒருவரை. தோட்டக்கலை தெரிந்த பெண்மணியை அவர் வேறு ஊருக்குக் குடிபோக நினைத்ததற்காக. எல்லாம் ஊரின் பெயருக்காக, ஊரின் நன்மைக்காக.

நாங்களும் களத்துக்குப் போனால் முதலில் நிலத்தகராறு உண்டா என்றுதான் கேட்போம். பட்டா, பஞ்சமி நிலம், கூலி என்று எழுதிக்கொள்வோம். அவை இல்லாமல் இல்லை. ஆனால் எத்தனையோ ஊர்களில் கடைசியில் கிடைக்கும் பதில் இவற்றையெல்லாம்விடச் சின்னதாக இருக்கும். மீசையை முறுக்கினான். புது பைக்கில் ஊர்த்தெரு வழியாகப் போனான். கூலிங்கிளாஸ் போட்டான். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். அறிக்கையில் இப்படி எழுதினால் படிப்பவர்கள் நம்புவதில்லை, "இதுக்கா கொல்லுவாங்க?" என்பார்கள். ஆம், இதற்குத்தான். ஊர் தன் முகத்தை எப்படிப் பார்க்க ஆசைப்படுகிறதோ அதில் இந்தப் பையனின் முகம் இடிக்கிறது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தவர்களுக்குப் பதில் சொன்னார். உள்ளூர்ப் பெருமையும் அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் தேங்கிய இடம் அது என்றார். தனிமனிதரையே அரசியலமைப்பின் அலகாகக் கொண்டதற்கு மகிழ்ச்சி தெரிவித்தார். அவர் பேசியது இந்திய கிராமத்தைப் பற்றி. இங்கிலாந்துக் கிராமத்தில் சாதி இல்லை, சேரி இல்லை. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எல்லாம் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 'நம்ம ஊர்' என்ற சொல் இனிக்க இனிக்க, அதற்குள் யார் சேர்த்தி இல்லை என்ற பட்டியலும் நீளும் என்பதை அங்கேயும் பார்த்தோம்.

அந்தப் பட்டியலின் முதல் பெயர் யாருடையது? படத்தில் இன்ஸ்பெக்டர் ஃபிராங்க் பட்டர்மேன் அதைத் தன் வாயால் சொல்கிறார். ஜிம் பிராட்பென்ட் நடித்த, பார்த்தால் தாத்தா என்று கூப்பிடத் தோன்றும் மனிதர். அவர் மனைவி சிறந்த கிராமப் போட்டிக்காக ஊரையே அலங்கரித்தாராம். நடுவர்கள் வருவதற்கு முன்பு நாடோடி மக்கள் வந்து ஊர்ப் பூங்காவில் தங்கிவிட்டார்கள். பட்டம் போயிற்று. மனைவி மனமுடைந்து உயிரை விட்டார். அன்றிலிருந்து இப்படிப்பட்டவர்கள் யாரும் ஊருக்குள் இருக்கக் கூடாது என்று ஃபிராங்க் முடிவெடுத்தார். கோட்டைக்கு அடியில் ஏஞ்சல் வழுக்கி விழும்போது அங்கே பிணங்கள் குவிந்து கிடக்கின்றன. சிலைபோல நின்ற கலைஞன், தலை மூடிய சட்டைப் பையன்கள், இன்னும் பலர்.

அந்த நாடோடி மக்கள் கற்பனை அல்ல. ரோமானி ஜிப்சிகளும் ஐரிஷ் டிராவலர்களும் பிரிட்டனில் நூற்றாண்டுகளாக வாழ்கிறவர்கள். அவர்கள் வண்டி நிறுத்தித் தங்க இடம் கொடுப்பது உள்ளாட்சிகளின் கடமை என்று 1968இல் சட்டம் வந்தது. 1994இல் அந்தக் கடமையை நீக்கினார்கள். 2011 அக்டோபரில் எசெக்ஸில் டேல் ஃபார்ம் என்ற இடத்திலிருந்து டிராவலர் குடும்பங்களைப் போலீஸ் படையோடு வந்து அப்புறப்படுத்தினார்கள். 2022இல் வந்த சட்டம், அனுமதியில்லாத நிலத்தில் வண்டியோடு தங்கி, போகச் சொன்னபின்னும் போக மறுப்பதைக் குற்றமாகவே ஆக்கியது.

எங்களுக்கு இந்த வரலாறு அந்நியமாகப் படவில்லை. 1869இல் பிரிட்டனில் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டில், 1871இல், அதே ஆட்சி இந்தியாவில் குற்றப் பழங்குடியினர் சட்டம் கொண்டுவந்தது. இங்கே ஒருபடி மேலே போய், செய்த குற்றத்தைப் பார்க்காமல் பிறந்த கூட்டத்தையே குற்றவாளி என்றது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1952இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ஊரில் ஒரு திருட்டு நடந்தால் குறவர் குடியிருப்புக்கும் இருளர் குடியிருப்புக்கும் முதலில் ஜீப் போவது நிற்கவில்லை.

படம் முடிந்ததும் எல்லாரும் கைதட்டினோம். கடைசிச் சண்டையில் கிழவிகளும் பாதிரியாரும் துப்பாக்கி தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து அக்காவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"கீழ கெடந்தாங்களே, அவங்க பேரு என்ன பாப்பா?"

எங்களுக்குத் தெரியவில்லை. திரும்ப ஓட்டிப் பார்த்தோம். நாடகத்தில் சொதப்பியவருக்குப் பெயர் உண்டு. பத்திரிகைக்காரருக்கு, பூக்கடைப் பெண்மணிக்கு, வீடு வெடித்துச் செத்த பணக்காரருக்குப் பெயர் உண்டு. தப்பித்து ஓடிப்போய் ஊரையே சுற்றவிட்ட அன்னத்துக்குக்கூட ஒரு கதை உண்டு. பூங்காவில் வந்து தங்கியவர்களுக்கு வசனம் இல்லை, முகம் இல்லை. கொன்றவரின் வாய்மொழியில்தான் அவர்களைப் பற்றி நமக்குத் தெரிகிறது.

சண்டை இங்கேதான் தொடங்கியது. "அக்கா, படம் அந்த ஊரைத்தானே கேலி பண்ணுது? அவங்களைக் கொன்னது சரின்னு சொல்லலையே" என்றார் இளைய தோழர் ஒருவர். சரியான வாதம்தான். நாங்கள் பார்த்த எத்தனையோ போலீஸ் காமெடிகளில் கேலி ஏழையின்மீதும் கறுத்தவன்மீதும்தான் விழும். இது மேலே இருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. காவல் நிலையத்திலும் எல்லாரும் கொலைகாரர்கள் இல்லை. அவர்கள் சோம்பேறிகள், கேக்கைத் தின்றுகொண்டு எதையும் பார்க்காமல் இருப்பவர்கள். அநியாயம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அதற்காகவே இந்தப் படத்தை மதிக்கிறோம்.

"கேலி பண்ணட்டும் தம்பி. பேரு வச்சுட்டுக் கேலி பண்ணக் கூடாதா?" என்றார் அக்கா.

அடுத்த சில நாள் அந்தப் பெட்டியிலிருந்த மற்றவற்றையும் பார்த்தோம். வீட்டில் பார்ப்பதற்கான வெளியீட்டின் சிறப்பே அதுதான். தியேட்டரில் படம் மட்டும். இங்கே நீக்கப்பட்ட காட்சிகள், எட்கர் ரைட் பதின்ம வயதில் தன் சொந்த ஊரான வெல்ஸில் நண்பர்களை வைத்து எடுத்த போலீஸ் படம், எல்லாம் உண்டு. 'ஹாட் ஃபஸ்' படத்தையும் அதே வெல்ஸில்தான் எடுத்தார்கள். அங்கே பெரிய கதீட்ரல் ஒன்று இருக்கிறது. கிராமத்துக்குப் பொருந்தாமல் உயர்ந்து தெரிகிறது என்று கணினியில் அதை அழித்துவிட்டார்கள்.

படம் ஓடும்போது கூடவே கேட்கக்கூடிய உரைகளும் இருக்கின்றன. இயக்குநரும் கதாநாயகனும் பேசும் உரை ஒன்று. படத்தில் போலீசாக நடித்தவர்கள் பேசும் உரை ஒன்று. ஊர்க்காரர்களாக நடித்தவர்கள் பேசும் உரை ஒன்று. நிஜப் போலீஸ் அதிகாரிகள் இருவர் உட்கார்ந்து படத்தைப் பார்த்தபடி பேசும் உரையும் ஒன்று. போலீசுக்கு இரண்டு, ஊருக்கு ஒன்று. கோட்டைக்குக் கீழே கிடந்தவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு டிராவலர் பெண் இந்தப் படத்தைப் பார்த்தபடி பேசியிருந்தால் எந்த இடத்தில் சிரித்திருப்பார், எந்த இடத்தில் எழுந்து போயிருப்பார்? அதைக் கேட்க ஆசையாக இருந்தது.

யாரும் சதி செய்து அதை விட்டுவிட்டார்கள் என்று சொல்லவில்லை. அப்படி ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் அனுபவத்தில் சதியைவிட இதுதான் கடினம். நாங்கள் பார்க்கும் வழக்குகளின் கோப்பிலும் காவல் அதிகாரியின் குறிப்பு இருக்கும், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை இருக்கும், ஊர்த்தெரு சாட்சிகள் இருப்பார்கள். காலனியில் யாரிடம் கேட்டீர்கள் என்றால் பதில் இருக்காது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன் கீழ் 1995இல் வந்த விதிகள், துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், மாவட்ட ஆட்சியரும் கண்காணிப்பாளரும் சம்பவ இடத்துக்கு நேரில் போக வேண்டும் என்கின்றன. ஏன் அப்படி எழுதினார்கள்? ஊரின் வாய்மொழியை மட்டும் கேட்டு எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் 'விபத்து' என்று பதிவு செய்துவிட்டால் இந்த விதிகள் எவையும் எழுந்து நிற்பதில்லை. அந்த ஒரு சொல் அத்தனை கதவையும் சாத்திவிடுகிறது.

பிரிட்டனிலும் இதைப் போராடித்தான் மாற்றினார்கள். 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவனை வெள்ளை இளைஞர்கள் குத்திக் கொன்றார்கள். போலீஸ் விசாரணை சொதப்பியது. பெற்றோர் விடவில்லை. 1999இல் வந்த மேக்பெர்சன் அறிக்கை, ஏஞ்சல் வேலை பார்த்ததாகக் காட்டப்படும் அதே லண்டன் மாநகரப் போலீசில் நிறுவனமயமான இனவெறி இருக்கிறது என்று எழுதியது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று கருதினால், அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. உண்மையா இல்லையா என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். முதல் சொல் பாதிக்கப்பட்டவருடையது. இந்த ஒரு வரி நம் காவல் நிலையங்களில் நடைமுறைக்கு வந்தால் எங்கள் வேலையில் பாதி குறையும்.

படத்தின் கடைசிக் காட்சியையும் சொல்லிவிடுகிறோம். கெட்டவர்கள் பிடிபட்டுவிட்டார்கள். ஏஞ்சல் லண்டனுக்குத் திரும்பாமல் சான்ட்ஃபோர்டிலேயே இன்ஸ்பெக்டராகிவிட்டார். டேனி இப்போது சார்ஜென்ட். ரேடியோவில் அழைப்பு வருகிறது. யாரோ ஹிப்பி மாதிரி ஆட்கள் சூப்பர்மார்க்கெட் குப்பைத் தொட்டிகளைக் கிளறிக்கொண்டிருக்கிறார்களாம். இரண்டு வீரர்களும் காரில் ஏறிச் சீறிப் பாய்கிறார்கள். படம் முடிகிறது. முதல் முறை பார்த்தபோது சின்ன விஷயத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிரித்தோம். மூன்றாவது முறை பார்த்தபோது, அந்த ஹிப்பிகளை ஊர் என்ன செய்யும், புது இன்ஸ்பெக்டர் என்ன செய்வார் என்று யோசித்தோம். நல்ல போலீஸ்காரர் வந்துவிட்டார். அவருக்கு வரும் அழைப்பு மட்டும் மாறவில்லை.

படத்தைப் பாருங்கள். நன்றாகச் சிரிப்பீர்கள். பிறகு அக்காவின் கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரைத் தம்பியின் வழக்கை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாற்றி விசாரிக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. எங்கள் அறிக்கைகள் வழக்கமாகச் சம்பவம் நடந்த இடம், நாள், காவல் நிலைய எல்லை என்றுதான் தொடங்கும். இந்த முறை அப்படித் தொடங்கவில்லை. முதல் வரியில் அவன் பெயரை எழுதினோம். அப்பா பெயர், அம்மா பெயர், வயது, என்ன வேலை பார்த்தான் என்பதை எழுதினோம். 'விபத்து' என்ற சொல்லை எங்கேயும் நாங்களாகப் பயன்படுத்தவில்லை. காவல்துறை அப்படிச் சொல்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறோம்.

ஜெய்பீம்.